உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கி இல்லாமலும் வேட்டை!

விலங்கைச் சுட்டு வீழ்த்தினால்தான் வேட்டை என்பது நம்மில் பலருடைய எண்ணம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 வேட்டைக்குப் போட்டிருக்கும் வட்டம் மிகப் பெரியது. அதன் 2(16) பிரிவின்படி கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, துரத்துவது, கண்ணி கட்டுவது, பொறி வைப்பது, இரை காட்டி வரவழைப்பது, காயப்படுத்துவது, உடலில் ஒரு பகுதியை எடுப்பது எல்லாமே வேட்டைதான். பறவைகள், ஊர்வன என்றால் முட்டையை உடைப்பதும், கூட்டைக் கலைப்பதும்கூட அதில் அடங்கும்.

★

விலங்கு சிக்கவே இல்லை, வெறுங்கையோடு திரும்பினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கொல்லவோ பிடிக்கவோ செய்யும் ஒவ்வொரு முயற்சியையும் சட்டம் வேட்டை என்றே எழுதிவைத்திருக்கிறது. புதரில் கட்டிய சுருக்குக் கம்பியில் ஒரு முயல்கூட விழாவிட்டாலும், கட்டியவர் வேட்டையாடியவர்தான்.

★

கூண்டில் இருக்கும் விலங்குக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பட்டியலில் உள்ள விலங்கு ஒன்றை உயிரியல் பூங்காவில் விஷம் வைத்துக் கொன்றாலும் அதுவும் வேட்டைக் குற்றமே.

★

பட்டியல் என்றால் என்ன? சட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணைகள்தான் பட்டியல். முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன. 2022-இல் திருத்தம் செய்து நான்காகக் குறைத்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் அட்டவணையில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற விலங்குகள், இரண்டாவதில் அதற்கு அடுத்த நிலையில் உள்ளவை. மூன்றாவது தாவரங்களுக்கு. நான்காவது, உலக நாடுகளின் வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களுக்கு. வேட்டைத் தடை பேசுவது முதல் இரண்டைப் பற்றித்தான்.

பாலூட்டி, பறவை மட்டுமே விலங்கு என்று எண்ணிவிட வேண்டாம். மீன், தவளை, முதுகெலும்பில்லாத உயிர்கள், இவற்றின் குஞ்சு குட்டிகள், முட்டைகள் எல்லாம் இந்தச் சட்டத்தின் பார்வையில் விலங்குகளே.

★

சரி, வேட்டை உரிமம் எங்கே கிடைக்கும்? எங்கேயும் கிடைக்காது. பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ காட்டு விலங்கைச் சுட உரிமம் தரும் அலுவலகம் இன்று இந்தியாவில் எங்கும் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. சென்னை மாகாணம் 1873-லேயே காட்டு யானைகளைக் காக்க ஒரு சட்டம் போட்டது. நீலகிரியில் கண்டபடி சுட்டுத் தள்ளுவதைக் கட்டுப்படுத்த 1879-இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் அந்த நீலகிரிச் சட்டத்தின் நோக்கம் வேட்டையை ஒழிப்பதல்ல. துரைமார்கள் தொடர்ந்து வேட்டையாட விலங்கு மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே. 1972 சட்டமும் முதலில் உரிமத்தை முழுதாக ஒழிக்கவில்லை. முதல் அட்டவணை விலங்குகளுக்கு மட்டும் முழுத் தடை விதித்துவிட்டு, மற்றவற்றுக்குப் பெரு வேட்டை, சிறு வேட்டை, பொறிவைத்துப் பிடித்தல் என்று வகைவகையாக உரிமம் வைத்திருந்தது. 1991-இல் செய்த திருத்தம்தான் அத்தனை உரிமங்களையும் அடியோடு நீக்கியது. நம் நாட்டுக் காட்டுயிர் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருத்தம் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

★

வீட்டில் துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறதே, அது போதாதா? போதாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி கிடைக்கும் உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கியிருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட அது அனுமதியாகாது. சுட்டு, குற்றம் உறுதியானால் அந்தத் துப்பாக்கி உரிமத்தையே ரத்து செய்து, ஐந்தாண்டுகளுக்குப் புதிய உரிமம் பெறமுடியாதபடி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சரணாலயத்துக்கு உள்ளேயோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருப்பவர் துப்பாக்கி வைத்திருந்தால் வனத்துறையிடம் தனியாகப் பதிவு செய்யவும் வேண்டும்.

★

உரிமம் இல்லை, அனுமதி உண்டு. அதைத் தரக்கூடியவர் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். 11-ஆவது பிரிவின்படி, முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது இனித் தேறாது என்னும் அளவுக்கு முடமாகவோ நோயுற்றோ இருக்கிறது என்று அவருக்கு உறுதியானால் வேட்டைக்கு உத்தரவிடலாம். வாய்மொழி செல்லாது. எழுத்தில் இருக்க வேண்டும், காரணமும் எழுத வேண்டும். பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறிடம் மாற்றவோ வழியில்லை என்று உறுதியான பிறகுதான் கொல்லச் சொல்லலாம்.

இரண்டாம் அட்டவணை விலங்குக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. உயிருக்கு மட்டுமல்ல, வயலில் நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கு ஆபத்து என்றாலும் அனுமதி தரலாம். காப்பாளர் அதிகாரம் கொடுத்த அலுவலரும் அதைத் தரலாம்.

★

2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடி மக்களை நடுங்கவைத்த எம்.டி.டி.23 என்ற புலி நினைவிருக்கிறதா? நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அந்தப் புலிக்கு எதிராகப் பிறப்பித்தது இந்த 11-ஆவது பிரிவின்படியான வேட்டை உத்தரவுதான். விஷயம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அவசரப்பட்டுக் கொல்ல வேண்டாம் என்றது நீதிமன்றம். கடைசியில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து, மைசூரில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். வேட்டை உத்தரவு போட்டும் ஒரு உயிர் பிழைத்தது. சட்டம் விரும்பும் முடிவும் அதுதான்.

★

கேரளத்தின் சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் நடந்துவந்தான். ஜூன் மாதம் தமிழக வனத்துறை அவனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. கும்கியும் மருத்துவரும் சேர்ந்து அக்கறையோடு பிடித்தாலும், பிடிப்பது என்பது சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். அதனால்தான் இப்படிப்பட்ட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன்னால் ஓர் எழுத்து உத்தரவு இருந்தாக வேண்டும்.

★

கரடி பாய்கிறது, கையில் அரிவாள் இருக்கிறது. தன்னையோ இன்னொருவரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நேரத்தில் அவர் இந்தச் சட்டத்தை மீறும் வேலை எதிலும் இருந்திருக்கக் கூடாது. கண்ணி வைக்கப் போன இடத்தில் கரடி பாய்ந்தது என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இறந்த விலங்கும் அவருடையதல்ல, அரசின் சொத்து.

★

காட்டுப்பன்றி விவகாரம்தான் இன்று கிராமங்களில் பெரிய பேச்சு. ராத்திரியில் ஒரு கூட்டம் வந்து போனால் கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் மிஞ்சுவதில்லை. கடன் வாங்கிப் பயிர் வைத்தவரின் ஆத்திரம் நியாயமானது. அதைக் கேட்க மறுப்பவர்கள் காட்டுயிரையும் காக்க முடியாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வரையறை சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடுபவர் வனத்துறை ஊழியர், நிலத்துக்காரர் அல்ல. இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் ஏற்பாடு வேறு. அங்கே 2022 முதல் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுக்கப்பட்டிருக்கிறது.

★

ஒரு விலங்கை 'அழிக்கத்தக்கது' என்று அறிவிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குக் கிடையாது. 62-ஆவது பிரிவின்படி அது மத்திய அரசிடம் இருக்கிறது. எந்தப் பகுதி, எத்தனை காலம் என்று குறித்தே அறிவிக்க வேண்டும். அந்தக் காலம் முடியும்வரை அந்தப் பகுதியில் அந்த விலங்கை வேட்டையாட அனுமதி தேவையில்லை. பீகாரின் சில மாவட்டங்களில் நீலான் எனப்படும் நீலமானை அப்படி அறிவித்து, 2016-இல் மொகாமா பகுதியில் 200-க்கும் மேற்பட்ட மான்களைச் சுட்டார்கள். நாடே அதிர்ந்தது, மத்திய அமைச்சர்களுக்குள்ளேயே வெளிப்படையாகக் கருத்து மோதல் எழுந்தது.

பழைய ஐந்தாம் அட்டவணை முழுவதும் இப்படிப்பட்ட விலங்குகளுக்காகவே இருந்தது. காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவை அதில் இருந்தன. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது.

★

அவுட்டுக்காய். காட்டோரக் கிராமங்களில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றி வரும் வழியில் போட்டுவிடுவார்கள். கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக் குட்டி கடிக்கிறது, மாடு கடிக்கிறது, நாய் கடிக்கிறது. தாடை பிளந்த யானை தின்னவும் முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும். 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் ஆற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்தி நின்றபடியே செத்துப்போன கருவுற்ற யானையின் படத்தை உலகமே பார்த்தது. இரை வைப்பதும் வேட்டை என்று சட்டம் சொல்வதால், யாருக்கு வைத்தேன் என்ற விளக்கத்துக்கு இங்கே இடமில்லை. வெடிபொருள் சட்டத்திலும் தனியாக வழக்கு வரும்.

★

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் ஒரே இரவில் மடிந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயை விட்டு நகராமல் நின்றன. கம்பத்திலிருந்து நேரடியாக மின்சாரம் இழுத்து வேலிக்குக் கொடுப்பது மின்திருட்டு மட்டுமல்ல. விலங்கு செத்தால் வேட்டை வழக்கு, மனிதர் செத்தால் அதைவிடப் பெரிய வழக்கு. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் தமிழ்நாடு தனி விதிகளைக் கொண்டுவந்தது. விலங்கைக் கொல்லாமல் அதிர்ச்சி மட்டும் கொடுக்கும் சூரிய மின்வேலியாக இருந்தாலும், காட்டை ஒட்டிய நிலத்தில் போடும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

★

மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே இடம். விதைத்ததைக் கொத்துகிறது என்று நெல்லில் மருந்து கலந்து வைத்தால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை காத்திருக்கிறது. தானாக உதிர்ந்த தோகையை எடுத்து வைத்துக்கொள்ளவும் விற்கவும் சட்டத்தில் விலக்கு உண்டு. பிடுங்கிய தோகைக்கு அந்த விலக்கு இல்லை.

★

பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வளர்ப்பது பாசத்தால் என்றாலும் சட்டப்படி வேட்டை. கூண்டுக்கிளியை வைத்திருப்பதும் தவறு. படம் எடுப்பதற்காகக் கிளையை ஒடித்து, மறைப்பை விலக்கி, கூட்டைக் கலைக்கும் கேமராக்காரர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தாய்ப்பறவை மிரண்டு போய்விட்டால் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

★

சட்டப்படி பிடிக்கும் கைகளும் நம்மிடையே உண்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினரின் கைகள் அவை.

பாம்புத் தோலுக்காக வேட்டையாடிப் பிழைத்த இருளர்களின் வாழ்வாதாரம் 1972 சட்டத்தாலும், அதன் பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையாலும் ஒரே அடியாகப் போனது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர் மக்களும் சேர்ந்து வேறு வழி கண்டார்கள். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவது. சட்டத்தின் 12-ஆவது பிரிவு உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுப்பதை அனுமதிக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை எண்ணிக்கை குறித்து அனுமதி தருகிறது. சில வாரங்கள் பானையில் வைத்து, சில முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விடுவிப்பார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமல் இருக்கத்தான் அந்த அடையாளம். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பு கடித்துப் பிழைத்து வந்த ஒவ்வொரு குடும்பமும் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

இந்த மக்களிலிருந்து வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டிய கைகள் அவை.

★

அனுமதி இல்லாமல் பாம்பு பிடித்துக் கழுத்தில் போட்டு வீடியோ எடுப்பவர்கள் மேல் வழக்குப் பாய்வது, பிடிப்பதே வேட்டை என்பதால்தான். வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறையையோ, 101-இல் தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். கேரளத்தில் பாம்பு மீட்பவர்களுக்கு வனத்துறையே பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு, மற்ற மாநிலங்களும் பின்பற்றத் தகுந்தது.

★

கடலுக்கும் வேட்டைச் சட்டம் உண்டு. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் ஆண்டாண்டு காலமாக எடுத்துவந்த கடல் அட்டை 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து முத்துக்குளிப்பவர் வழிவந்தவர்கூட அட்டை எடுத்தால் குற்றவாளி. பாக் நீரிணையின் மறுகரையில், இலங்கையில், உரிமம் வாங்கி மூழ்கினால் அதே அட்டை சட்டப்படியான தொழில். ஒரே கடல், ஒரே உயிர், இரண்டு சட்டம். கடத்தலுக்கு இந்த வேறுபாடே வழி திறந்துவிடுகிறது.

ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடல் பசுவும் முதல் அட்டவணைதான். வலையில் சிக்கினால் உயிரோடு விட வேண்டும். அதற்காகவே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

★

பழங்குடியினர் வேட்டையாடலாம் என்று ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. 2006-இன் வன உரிமைச் சட்டம் நிலம், தேன், கிழங்கு, மேய்ச்சல் என எத்தனையோ மரபுரிமைகளைத் திருப்பிக் கொடுத்தது. வேட்டையை மட்டும் வெளிப்படையாகப் பெயர் சொல்லி விலக்கியது. நரிக்குறவர் சமூகம் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்த பிறகும் நிலைமை இதுவே.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கை 1972 சட்டத்தின் 65-ஆவது பிரிவு சொல்கிறது: நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினர். 1967 ஏப்ரல் 28 தேதியிட்ட அறிவிக்கை ஒன்று அவர்களுக்குக் கொடுத்த வேட்டை உரிமை இன்றும் செல்லும்.

★

சிவராத்திரி, பொங்கலை ஒட்டி ஊர்கூடி முயல் வேட்டைக்குப் போகும் வழக்கம் சில மாவட்டங்களில் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்டது என்பதால் சட்டம் விலகி நிற்காது. கோயில் திருவிழாவின் பாரிவேட்டையில் சாமி புறப்பாடும் சடங்கும் போதும்; உயிருள்ள முயல் வேண்டியதில்லை.

★

தண்டனை எவ்வளவு? பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சரணாலயத்துக்கோ தேசியப் பூங்காவுக்கோ உள்ளே நடந்த வேட்டை என்றால், கொன்றது வெறும் முயலாக இருந்தாலும் இந்தப் பெரிய தண்டனைதான். இப்படிக் குறைந்தபட்சச் சிறை விதித்த குற்றங்களைப் பணம் கட்டி இணக்கம் செய்துகொள்ளவும் வழியில்லை.

★

1998-இல் ராஜஸ்தானின் ஜோத்பூர் அருகே வெளிமான்களைக் கொன்ற வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்து ஜாமீன் பெற்றார். இந்த வழக்கை இருபது ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கங்காணி கிராமத்து பிஷ்னோய் மக்கள். சாட்சி சொல்ல ஊர் உறுதியாக நின்றால் வேட்டை வழக்கு நிற்கும்.

★

உடும்புக் கறியோ மான் கொம்போ ஒருவர் வசம் இருந்தது என்று நிரூபணமானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவர் பொறுப்பு.

★

சாலையில் அடிபட்டு இறந்து கிடக்கும் மானும் அரசின் சொத்து. அது உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். கறிக்காக வெட்டி எடுத்துப் போவது தனிக் குற்றம்.

★

வழக்குத் தொடுக்க வனத்துறையால் மட்டும்தான் முடியும் என்பதும் தவறு. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்கிறது 55-ஆவது பிரிவு.

அதற்கும் முன்பு, எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வயல் வரப்பிலோ ஓடைக் கரையிலோ சுருக்குக் கம்பியைப் பார்த்தால் கடந்து போய்விடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு படம் எடுத்து, அன்றைக்கே உங்கள் பகுதி வனவருக்கோ வனச்சரகருக்கோ சொல்லுங்கள்.